சேப்பாக்கத்தில் பந்து வீசுவது யார்?

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி, பூந்தமல்லி, கரையான்சாவடி, ஐயப்பன்தாங்கல் என்று சென்னையை நோக்கி வரும் சாலையில், போரூர் சந்திப்புக்குச் சற்று முன்னால் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு அது பெரிய ஆஸ்பத்திரி. கிரிக்கெட் உலகத்துக்கு அது இன்னொன்றும்கூட. பந்து வீசும்போது முழங்கை எத்தனை டிகிரி நிமிர்கிறது என்று அளந்து சொல்ல, சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகரித்த சோதனைக்கூடங்களில் ஒன்று அங்கே செயல்பட்டது. 2015 ஐபிஎல் நடந்துகொண்டிருந்தபோது மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைன் அங்கே வந்து பந்து வீசிக் காட்டினார். அதே ஆண்டு ஜூலையில் பாகிஸ்தானின் முகமது ஹஃபீஸ் வந்தார். சோதனை முடிவால் பன்னிரண்டு மாதம் பந்து வீசத் தடை. 2016 மார்ச்சில், டி20 உலகக் கோப்பை நடுவில், வங்கதேசத்தின் டஸ்கின் அகமதும் அராஃபத் சன்னியும் வந்தார்கள். சில நாட்களிலேயே இருவரும் போட்டியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

சோதனை என்பது பார்க்க எளிமையானது. வீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குமிழ்களை ஒட்டுகிறார்கள். சுற்றிலும் அதிவேகக் கேமராக்கள். ஆட்டத்தில் எப்படி வீசுவாரோ அப்படியே வீச வேண்டும். மேல்கை தரைக்கு இணையாக வரும் கணத்திலிருந்து பந்து விரலை விட்டுப் பிரியும் கணம் வரை முழங்கை எவ்வளவு நிமிர்ந்தது என்று கணினி கணக்கிடும். பதினைந்து டிகிரிக்குள் இருந்தால் அது பந்துவீச்சு. தாண்டினால் எறிதல். நம் பக்கத்து டென்னிஸ் பந்து ஆட்டங்களில் "மாங்கா அடிக்கிறான்" என்று ஒரே சத்தத்தில் தீர்ந்துவிடும் வழக்குக்கு இவ்வளவு கருவிகள்.

பேஸ்பாலில் இந்த வழக்கே கிடையாது. அங்கே முழங்கை மடங்கி நிமிர்வதுதான் தொழிலே. மேட்டின் மீது நிற்கும் பிட்சர், பதினெட்டரை மீட்டர் தள்ளி நிற்கும் மட்டைக்காரரை நோக்கிப் பந்தை எறிகிறார். பந்து தரையைத் தொடவே தொடாது. அதனால் அங்கே ஓர் ஆட்டத்தைப் பந்துவீச்சு தீர்மானித்தது என்றால், அந்தக் கையைப் பற்றி மட்டும் பேசினால் போதும். 1968 அக்டோபர் 2ஆம் தேதி, அந்த ஆண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பதினேழு பேரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினார், ஆட்டம் 4-0. உலகத் தொடர் ஆட்டமொன்றில் அந்தப் பதினேழை இன்னும் யாரும் தாண்டவில்லை. அந்த வெற்றியில் தரைக்கும் ஈரத்துக்கும் வெடிப்புக்கும் பெரிய பங்கு ஒன்றுமில்லை.

சேப்பாக்கத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

அங்கே பந்துவீச்சால் முடிந்த ஆட்டங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் பந்து வீசியவர் ஒருவர் அல்லர் என்று தோன்றும். கை ஒன்று வீசியது. மண் ஒன்று வீசியது. ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருவரும் அதில் சேர்ந்துகொண்டார். இதற்கு 1988 பொங்கல் டெஸ்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்தத் தொடர் தொடங்கிய விதமே வேறு. 1987 நவம்பரில் டெல்லியில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியா முதல் இன்னிங்ஸில் 75 ரன்னுக்குச் சுருண்டது. பாட்ரிக் பேட்டர்சன் ஐந்து விக்கெட். விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணி வேகத்தால் அடித்து வென்றுவிட்டு, பம்பாயிலும் கல்கத்தாவிலும் டிரா செய்துவிட்டு, 1-0 என்ற முன்னிலையோடு சென்னைக்கு வந்தது. கல்கத்தாவில் சதம் அடித்திருந்த கேப்டன் திலீப் வெங்சர்க்கார் கையில் அடிபட்டு வெளியே இருந்தார். அதனால் சேப்பாக்கத்தில் ரவி சாஸ்திரி தலைமை ஏற்றார். டெஸ்டில் அவர் கேப்டனாக இருந்தது அந்த ஒரே ஆட்டம்தான். அணியில் மூன்று புதுமுகங்கள்: சென்னையின் டபிள்யூ. வி. ராமன், டெல்லியின் அஜய் சர்மா, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த நரேந்திர ஹிர்வானி. கண்ணாடி போட்ட, பத்தொன்பது வயது லெக் ஸ்பின்னர்.

ஜனவரி 11ஆம் தேதி ஆட்டம் தொடங்கியது. கபில் தேவ் 109 அடித்தார், அருண் லால் 69. இந்தியா 382. மேற்கிந்தியத் தீவுகள் மட்டை பிடிக்க வந்தபோது பிட்ச் ஏற்கெனவே உதிரத் தொடங்கியிருந்தது. அது சரியாகத் தயாராகாத தரை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. ஹிர்வானி 18.3 ஓவரில் 61 ரன் கொடுத்து எட்டு விக்கெட் எடுத்தார். ரிச்சர்ட்ஸ் ஒருவர்தான் 68 ரன் எடுத்துத் தாக்குப்பிடித்தார். அவரையும் ஹிர்வானியே எடுத்தார். 184 ரன்னுக்கு எல்லாம் முடிந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் ராமன் 83 அடிக்க, 217க்கு எட்டு விக்கெட் என்ற நிலையில் இந்தியா டிக்ளேர் செய்தது. இலக்கு 416. எட்டுகிற தூரம் அல்ல. ஆனால் தடுத்து ஆடி நேரத்தைக் கடத்துகிற பழக்கம் அந்த மேற்கிந்திய அணிக்கு இல்லை. இறங்கி வந்து அடித்தார்கள். கஸ் லோகி 67. ஹிர்வானி 15.2 ஓவரில் 75 ரன்னுக்கு மறுபடியும் எட்டு. அணி 160 ரன்னில் ஆல் அவுட். 255 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது, தொடர் 1-1.

மொத்தம் 136 ரன்னுக்குப் பதினாறு விக்கெட். 1972இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் பாப் மேஸி தன் முதல் டெஸ்டில் 137 ரன்னுக்குப் பதினாறு எடுத்திருந்தார். ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் அறிமுக ஆட்டத்தின் உலக சாதனை கைமாறியது. இந்தியர் ஒருவர் ஒரு டெஸ்டில் எடுத்த சிறந்த கணக்கும் அதுதான். பின்னால் அதே மைதானத்தில் ஹர்பஜன் சிங் பதினைந்து எடுத்தும் அதைத் தொட முடியவில்லை.

இந்தக் கணக்குகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அதிகம் பேசப்படாத கணக்கு ஒன்று உண்டு. விக்கெட் கீப்பர் கிரண் மோரே அந்த ஆட்டத்தில் ஆறு ஸ்டம்பிங் செய்தார். அதில் ஐந்து இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும். டெஸ்டில் அப்படி அதற்குமுன் யாரும் செய்ததில்லை. ஹிர்வானியின் பதினாறைப் புரிந்துகொள்ள இந்த ஆறுதான் சாவி என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏன் என்று பார்க்க, நேரத்தைக் கணக்குப் போட வேண்டும். பேஸ்பாலில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டைக்காரரை அடைய சுமார் 0.4 வினாடி ஆகும். அந்த 0.4 வினாடியும் பந்து காற்றில் இருக்கிறது. கர்வ்பால் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,500 சுற்று சுழன்றபடி கீழே இறங்குகிறது. சுழலும் பந்தைச் சுற்றிக் காற்றழுத்தம் மாறுவதால் வரும் வளைவு அது. வளைவு எவ்வளவு பெரியதானாலும் பாதை ஒரே தொடர்ச்சியானது. கண் அதைப் பின்தொடர முடியாமல் போகலாம், ஆனால் நடுவில் பந்து மனம் மாறுவதில்லை.

லெக் ஸ்பின் மெதுவானது. மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பந்து மட்டைக்காரரை அடைய முக்கால் வினாடிக்கு மேல் ஆகும். பேஸ்பால் வீரருக்குக் கிடைப்பதைப் போல இரு மடங்கு. ஆனால் அந்த நேரத்தின் பெரும்பகுதி பயனற்றது. மட்டைக்காரருக்கு மூன்று, நான்கு மீட்டர் முன்னால் பந்து தரையில் விழுகிறது. விழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு எழும் என்பது அந்த இடத்து மண்ணைப் பொறுத்தது. மிச்சம் இருப்பது சுமார் கால் வினாடி. மனிதன் ஒன்றைக் கண்டு எதிர்வினை ஆற்றவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும். ஆக, முக்கால் வினாடி கொடுத்த பந்து, கடைசியில் எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறது.

இதற்கு மட்டைக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு. பின்னால் போய் நின்று, பந்து திரும்பிய பிறகு ஆடுவது. உதிர்கிற பிட்சில் பந்து தாழ்ந்து ஓடினால் இது கால்காப்பில் வாங்கும் வழி. மற்றொன்று, முன்னால் இறங்கி வந்து, பந்து விழுந்த இடத்திலேயே, திரும்புவதற்கு முன், அமுக்கிவிடுவது. ரிச்சர்ட்ஸின் அணி இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தது. இறங்கி வந்தால் கிரீஸை விட வேண்டும். பந்து ஏமாற்றிவிட்டால் திரும்பிப் போக நேரமில்லை, பின்னால் மோரே. ஆறு ஸ்டம்பிங் என்பது ஆறு பேர் இந்தச் சூதாட்டத்தை ஆடித் தோற்றதன் பதிவு. அந்தத் தரையில் கீப்பரின் வேலையும் லேசானதல்ல. மட்டைக்காரருக்குத் தெரியாத திருப்பம் அவருக்கும் தெரியாது. மட்டைக்காரரின் உடம்பு கண்ணை மறைக்கிறது. ஒரு பந்து முழங்காலுக்குக் கீழே வரும், அடுத்தது மார்புக்கு வரும். பிடித்து, அதே அசைவில் பெயிலைத் தட்ட வேண்டும். ஒரு ஸ்டம்பிங்கைத் தவறவிட்டிருந்தால் பதினாறு பதினைந்தாகியிருக்கும், லோகியைப் போல இன்னொருவர் அறுபது அடித்திருக்கவும் கூடும்.

இதை ஒரு தற்செயல் என்று ஒதுக்க முடியாததற்கு இன்னொரு ஆட்டம் சாட்சி சொல்கிறது. அதே சேப்பாக்கம், 1952 பிப்ரவரி. இந்தியா டெஸ்ட் விளையாடத் தொடங்கி இருபது ஆண்டாகியும் ஒரு வெற்றிகூட இல்லை. இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஐந்தாவது டெஸ்ட் 6ஆம் தேதி தொடங்கியது. அன்றுதான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். மறுநாள் ஆட்டத்துக்கு விடுமுறை விட்டார்கள். மன்னர் இறந்த செய்திக்கு முன்னும் பின்னுமாக வினூ மன்கட் 38.5 ஓவர் வீசி 55 ரன்னுக்கு எட்டு விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 266. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடிக்க, இந்தியா 9 விக்கெட்டுக்கு 457 எடுத்து டிக்ளேர் செய்தது. இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட் நான்கு, குலாம் அகமது நான்கு. இன்னிங்ஸும் எட்டு ரன்னும் வித்தியாசத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. விஜய் ஹசாரே கேப்டன்.

அந்த ஆட்டத்தில் விக்கெட் கீப்பர் கோகன் சென் ஐந்து ஸ்டம்பிங் செய்தார். நான்கு முதல் இன்னிங்ஸில், நான்கும் மன்கட்டின் பந்தில். முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் ஒரே மைதானம், ஒரே கதை: சுழல் வீச்சாளர் ஒருவர் எட்டு எடுக்கிறார், கீப்பர் கையில் ஸ்டம்பிங் குவிகிறது. மன்கட் இடதுகை விரல் சுழல், ஹிர்வானி வலதுகை மணிக்கட்டுச் சுழல். கை வேறு, பாணி வேறு. மாறாமல் இருந்தது தரையும், அந்தத் தரைக்கு முன் மட்டைக்காரர்கள் நடந்துகொண்ட விதமும்தான்.

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் பிட்ச் என்பது களிமண் கலந்த மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்கியது. களிமண் ஈரமாக இருக்கும்போது ஒட்டிப் பிடிக்கும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் தண்ணீர் வற்றிய செம்பரம்பாக்கம் ஏரியின் உள்வாயில் வண்டல் எப்படிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமோ, அதே செயல் சிறு அளவில் ஐந்து நாளில் பிட்சில் நடக்கிறது. புல் வேர் பிடித்து வைத்திருக்கும்வரை வெடிப்பு தாமதப்படும். புல்லைச் சிரைத்து, நீரைக் குறைத்தால் சீக்கிரம் வரும். பந்தின் தையல் வெடிப்பின் விளிம்பில் பட்டால் திரும்பும். பாளத்தின் நடுவில் பட்டால் வழுக்கும். எங்கே படும் என்று வீசியவருக்கும் தெரியாது. சென்னை ஜனவரியில்கூட வெயில் வெயில்தான், கடற்காற்றும் உண்டு.

அப்படியானால் மண்ணே எல்லாம் செய்துவிடுகிறதா? அதுவும் இல்லை. 1988 ஆட்டத்தில் அதே தரையில் இரு அணிச் சுழல் வீச்சாளர்களும் வீசினார்கள். மேற்கிந்திய அணியில் கிளைட் பட்ஸ் இருந்தார், இந்தியாவில் அர்ஷத் அயூபும் சாஸ்திரியும் இருந்தார்கள். விழுந்த இருபதில் பதினாறு ஹிர்வானிக்கு. மிச்சம் நான்கு மட்டுமே மற்ற எல்லோருக்கும் சேர்த்து. மண் எல்லோருக்கும் பொது. ஆனால் விரல் சுழல் ஒரே பக்கம் திரும்புகிறது என்று மட்டைக்காரர் ஓரளவு நம்பலாம். மணிக்கட்டுச் சுழலில் அதே கையசைவில் கூக்ளி எதிர்ப்பக்கம் போகிறது. மண் எவ்வளவு திரும்பும் என்பதே தெரியாதபோது, எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியாமல் போனால் இறங்கி வருவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். ஹிர்வானியை அதற்குமுன் சந்தித்தேயிராத அணிக்கு அவர் கையைப் படிக்க அவகாசமும் இல்லை.

மண் யாருக்கும் விசுவாசமாக இருந்ததும் கிடையாது. 1999 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்தாகப் பத்து எடுத்தார். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. தோற்கடித்த அணிக்குச் சென்னை எழுந்து நின்று கை தட்டியது. 2001 மார்ச்சில் ஹர்பஜன் ஆஸ்திரேலியாவின் பதினைந்து விக்கெட்டை எடுத்தும், இந்தியா இரண்டே விக்கெட் மிச்சம் வைத்துத்தான் தப்பியது. மறுபக்கம், 2008இல் இதே இடத்தில் சேவாக் 319 அடித்திருக்கிறார், 2016 டிசம்பரில் கருண் நாயர் 303 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றிருக்கிறார். இந்தியா அந்த இன்னிங்ஸில் 759. சுழல் பந்தின் கோட்டை என்று சேப்பாக்கத்தை வர்ணிப்பவர்கள் இந்த இரண்டு முச்சதங்களையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 2016 ஆட்டத்தின் கடைசி நாளில் ரவீந்திர ஜடேஜா 48 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்து இங்கிலாந்தை முடித்துவைத்தார். நான்கு நாள் மட்டைக்கு, ஒரு நாள் பந்துக்கு.

பேஸ்பால் போலச் சம்பளக்காரர்கள் ஒரே மாலையில் ஆடி முடிக்கும் தொழில்முறை ஆட்டம் என்று பார்த்தால் ஐபிஎல்தான் பக்கத்தில் வருகிறது. அதில் மட்டை அரசாள வேண்டும் என்பது எழுதாத விதி. காசு கொடுத்து வருகிறவர்கள் சிக்ஸர் பார்க்க வருகிறார்கள். 2019 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் அந்த விதி உடைந்தது. புல்வாமா தாக்குதலை ஒட்டித் தொடக்க விழாவை ரத்து செய்திருந்தார்கள். டாஸ் வென்ற சென்னை கேப்டன் தோனி பந்து வீச முடிவு செய்தார். முப்பத்தெட்டு வயது ஹர்பஜன் கோலியையும் மொயீன் அலியையும் டிவில்லியர்ஸையும் எடுத்தார். இம்ரான் தாஹிர் நான்கு ஓவரில் ஒன்பதே ரன்னுக்கு மூன்று. பெங்களூர் அணி 17.1 ஓவரில் 70 ரன்னுக்கு ஆல் அவுட். இரட்டை இலக்கம் தொட்டவர் 29 எடுத்த பார்த்திவ் படேல் மட்டுமே.

எழுபத்தோரு ரன் இலக்கு. அதைத் துரத்த சென்னைக்கு 17.4 ஓவர் ஆனது என்பதுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான செய்தி. பெங்களூரின் சாஹல் நான்கு ஓவரில் ஆறு ரன்தான் கொடுத்தார். வாட்சன் பூஜ்ஜியம். வென்ற கேப்டனே ஆட்டம் முடிந்ததும் பிட்ச் மிக மெதுவாக இருந்தது, இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டார். தன் பந்துவீச்சாளர்கள் வென்று கொடுத்த ஆட்டத்தின் தரையையே வேண்டாம் என்று சொல்லும் கேப்டனைப் பேஸ்பாலில் பார்ப்பது அரிது.

அரிதுதான், ஆனால் பேஸ்பால் நிர்வாகம் அதைச் செய்திருக்கிறது. கிப்சன் அந்தப் பதினேழை எடுத்த 1968ஆம் ஆண்டை 'பிட்சரின் ஆண்டு' என்பார்கள். கிப்சனின் ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்னின் சராசரி, 1.12. டெட்ராய்ட்டின் டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டங்களை வென்றார். அமெரிக்கன் லீக்கில் மட்டைக்கான பட்டத்தை கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வெறும் .301 சராசரியில் தட்டிச் சென்றார். பட்டம் வென்ற சராசரிகளில் அதைவிடக் குறைந்தது கிடையாது. மறு ஆண்டே விதிகளை மாற்றினார்கள். பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் பதினைந்து அங்குலத்திலிருந்து பத்து அங்குலமாகக் குறைந்தது. ஸ்ட்ரைக் வலயம் சுருங்கியது. காற்றில் மட்டும் நடக்கும் ஆட்டம் என்று சொன்னோமே, அதிலும் ஐந்து அங்குல மண் இருந்திருக்கிறது. அந்த மண்ணைச் செதுக்கியதும் ரன் ஏறத் தொடங்கியது.

கிரிக்கெட்டில் மேடு இல்லை. அதனால் அதிகாரம் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் டாரல் ஹேர் நோ-பால் என்று அறிவித்தார். கண்டியில் பிறந்த தமிழரான அவரது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. அளவெடுக்க ஆரம்பித்தபோது, சுத்தமான கை என்று எல்லோரும் நம்பிய பலரின் முழங்கையும் கொஞ்சம் நிமிர்வது தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் பதினைந்து டிகிரி என்று பொதுவரம்பு வந்தது. முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். நடுவே மூன்று பருவம் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்திலும் வீசினார். போரூரில் கேமரா வைத்தது இந்த வரலாற்றின் தொடர்ச்சி.

மேற்குச் சென்னைத் தெருக்களில் கை வேறு விதமாகவும் வளர்ந்தது. நடுவிரலை மடக்கிப் பந்தைச் சுண்டிவிடும் வித்தையை டென்னிஸ் பந்து ஆட்டங்களில் சொடுக்கு பந்து என்பார்கள். மாம்பலத்து ரவிச்சந்திரன் அஸ்வின் அதைத் தெரு ஆட்டத்தில் கண்டு பழகி, டெஸ்ட் வரை கொண்டுபோனார். தொலைக்காட்சி அதைக் கேரம் பால் என்றது. 2013 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பன்னிரண்டு விக்கெட்டை அவர் எடுத்த ஆட்டத்தில் தோனியின் 224தான் தலைப்புச் செய்தியாயிற்று.

கிரிக்கெட் கை பேஸ்பாலுக்கு உதவுமா என்று ஒருமுறை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 2008இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு போட்டி நடத்தினார். முப்பத்தேழாயிரம் பேருக்கு மேல் வந்து எறிந்தார்கள். நாடே பந்து வீசும் நாடு, ஆனால் தேறிய ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் கிரிக்கெட் வீரர்கள் அல்லர். லக்னோ விளையாட்டுக் கல்லூரியின் ஈட்டி எறிபவர்கள். கையை நேராக வைத்துப் பழகிய உடம்புக்கு மடக்கி எறிவது வேறு மொழி. ஈட்டிக்காரருக்கு அது தாய்மொழி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் ரிங்கு சிங் சிறுலீக் ஆட்டமொன்றில் வெற்றி பெற்ற பிட்சராகப் பதிவானார். தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியருக்கு அது முதல். பெரிய லீக்கை இருவரும் எட்டவில்லை. கதை மட்டும் 2014இல் சினிமாவாகி எட்டியது, இசை ஏ. ஆர். ரஹ்மான்.

அந்த வித்தியாசம் காயத்திலும் தெரியும். பேஸ்பால் பிட்சருக்கு முதலில் போவது முழங்கையின் உட்புறத் தசைநார். 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீரருக்கு வேறிடத்துத் தசைநாரை எடுத்துப் பொருத்தினார். அந்த அறுவை சிகிச்சைக்கே வீரரின் பெயர் வந்துவிட்டது. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகெலும்பில் விரிசல் விழும். சுழல் வீச்சாளருக்கு விரல் தேயும், தோள் வலிக்கும். பொதுவாக ஆயுள் அதிகம்.

ஆயுள் அதிகம் என்பதற்கு நரைனே உதாரணம். போரூர் சோதனைக்குப் பிறகு அவர் கையசைவைத் திருத்திக்கொண்டு மீண்டும் மீண்டும் வந்தார். 2025 ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்காக நான்கு ஓவர் வீசி 13 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுத்தார். தோனியும் அதில் ஒருவர். சென்னையின் சொந்தப் பையன் வருண் சக்கரவர்த்தி எதிரணிச் சட்டையில் இரண்டு எடுத்தார். சூப்பர் கிங்ஸ் 9 விக்கெட்டுக்கு 103. தன் சொந்த மைதானத்தில் அந்த அணியின் மிகக் குறைந்த எண்ணிக்கை. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்தது; நரைனே 18 பந்தில் 44 அடித்தார். 2019 போல இது மண் முடித்த ஆட்டம் அல்ல. அதே தரையில் மறுபக்கம் மட்டை சுலபமாகச் சுழன்றது. அந்தப் பருவத்தில் சேப்பாக்கத்துப் பிட்சைத் தங்களால் கணிக்கவே முடியவில்லை என்று சென்னைப் பயிற்சியாளர் ஸ்டீஃபன் ஃபிளெமிங் வெளிப்படையாகச் சொன்னார். கையும் மண்ணும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. கலவையைப் பார்க்காமல் ஸ்கோர்கார்டில் ஒரு பெயரை மட்டும் பார்ப்பது நம் பழக்கம்.

பேஸ்பால் ரசிகர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. 1956 அக்டோபர் 8 அன்று நியூயார்க் யாங்கீஸின் டான் லார்சன் உலகத் தொடர் ஆட்டத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸின் இருபத்தேழு பேரையும் ஒருவர்கூடத் தளம் தொடாமல் வெளியேற்றினார். 97 பந்து. உலகத் தொடரில் அப்படியொரு முழுமையான ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூன்று நாள் முன்புதான் அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் அவரை இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்திருந்தார்கள். அந்த 97 பந்துக்கும் எந்தப் பந்து என்று விரலால் சைகை காட்டியவர் கேட்சர் யோகி பெர்ரா. லார்சன் ஒரு சைகையைக்கூட மறுக்கவில்லை. வென்றதும் பெர்ரா ஓடிவந்து லார்சன்மேல் தாவி ஏறிய புகைப்படம் அமெரிக்காவில் மிகப் பிரபலம். அந்தப் படத்திலாவது கீப்பருக்கு இடம் கிடைத்தது. மோரேக்கு அப்படியொரு படம் இல்லை.

லார்சன் தன் மொத்த வாழ்க்கையில் 81 ஆட்டம் வென்று 91 தோற்றார். லார்ட்ஸில் பதினாறு எடுத்த பாப் மேஸி ஆறே டெஸ்டோடு காணாமல் போனார். ஹிர்வானியின் முதல் நான்கு டெஸ்டில் 36 விக்கெட். 1988 இறுதியில் நியூசிலாந்துக்கு எதிரான மூன்று ஆட்டத்தில் மட்டும் இருபது. அதுவரை எல்லாம் இந்திய மண். 1989இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது தரை வேறு, அங்கே மட்டைக்காரர்கள் அவர் கையைப் படித்தும் விட்டார்கள். தொடர் முழுவதும் ஆறு விக்கெட். 1990இல் ஓவல் மைதானத்தில் ஒரே முனையிலிருந்து இடைவிடாமல் 59 ஓவர் வீசினார். எடுத்தது ஒரே விக்கெட். பதினேழு டெஸ்டில் 66 விக்கெட்டோடு அவர் கணக்கு முடிந்தது. பின்னாளில் தேசியத் தேர்வுக்குழுவில் உட்கார்ந்து பிறருடைய கணக்குகளைப் பார்க்கும் வேலை அவருக்கு வந்தது.